காரல் கணக்கு

பங்குனிக் கடைசியில் ஒருநாள்
பாம்பன் ஏலக்கூடத்துத் தராசில்
நண்டு இறங்கி, அடுத்த கூடை ஏறுமுன்
நம்புராஜனைத் தலை திருப்பச் சொல்லிவிட்டு
நான் ஏறி நின்றேன்.
எண்பத்து நாலு, நானூறு.
திரும்பிய தலை திரும்பியபடியே சொன்னது:
"கூடைக்கழிவு ஒண்ணரைக் கிலோ போட்டுக்கோங்க அக்கா."

ராமநாதபுரத்தில் டாக்டர் ஷமீமா
சோறு எத்தனை கரண்டி என்று கேட்டார்.
எண்ணிக்கையைச் சொன்னேன்,
கரண்டியின் அளவைச் சொல்லவில்லை.
குறைங்க, ஆனா பட்டினி கிடக்காதீங்க,
பட்டினி கிடந்தா கொழுப்போட சேர்த்து
உடம்பு தன் சதையையும் தின்னும் என்றார்.
சீட்டின் பின்பக்கம் எழுதினார்:
புரதம், நாளைக்கு நூறு கிராம்.
நூறு கிராம் மீனா என்றேன்.
மீனுக்குள்ளே இருக்கிற புரதம், ரெஜினாள்.
மீனென்றால் அரைக் கிலோ.

பன்னிரண்டு வருஷமாக
டன் கணக்கில் மீன் எழுதுகிற கை
அரைக் கிலோவுக்கு நின்றது.

அதுவும் எப்போது?
சித்திரை பிறந்த கையோடு
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடந்தன.
அறுபத்தொரு நாள் தடை.
ஊரே மெலிகிற காலத்தில்
நான் மெலிவதற்காகக் கூடுதலாகத் தின்ன வேண்டும்.
நாட்டுப்படகில் வரும் நாலு கூடை நகரைக்கு
ஓட்டல்காரர்கள் விலை ஏற்றுகிறார்கள்.
கருவாட்டைப் பார்த்தால்
பிரஷர் மாத்திரை முறைக்கிறது.
டெல்வின் கோயம்புத்தூரிலிருந்து
மாவு டப்பா அனுப்புகிறேன் என்றான், மூவாயிரம்.
மூவாயிரத்துக்கு எத்தனை கிலோ சூடை என்று
மனம் தானாக வகுத்தது.
வேண்டாம்டா என்றேன்.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
முட்டை மூன்று, பதினெட்டு.
கொண்டைக்கடலை ஒரு கிண்ணம், பதினைந்து.
தயிர், சுமாராக ஏழு.
சோறு இரண்டு கரண்டி;
அதிலும் நாலு கிராம் இருக்கிறதாம், விடவில்லை.
பதினோரு மணிக்கு
பஜ்ஜிக்கடைப் பக்கம் திரும்பும் கால்
இப்போது திரும்புவதில்லை என்று சொல்லமாட்டேன்.
திரும்புகிறது.
முன்போல ஓடுவதில்லை.

செய்யது கடையில் முட்டை அட்டையின் மேல்
நாமக்கல் என்று அச்சடித்திருந்தது.
அப்போதுதான் உறைத்தது.
மாசியில் நான் எடைபோட்ட பொடிக்காரல்,
கழிவு என்று தனிப்பக்கத்தில் எழுதியது,
லாரி ஏறி, காய்ந்து, மாவாகி,
தீவனமாகி, ஒரு கோழிக்குள் புகுந்து,
வெள்ளையாக ஓடு கட்டிக்கொண்டு
பாலம் தாண்டி என்னிடமே வந்திருக்கிறது.
உடைத்து முகர்ந்தேன்.
கடல் வாசனை துளியும் இல்லை.
சுற்றின கூலி மட்டும் என் தலையில்.

மறுநாள் விடியலில் கரைவலைக்குப் போனேன்.
ஈர மணலில் காரல் வெள்ளிக்காசாகத் துள்ளியது.
கூறு போட்டுக்கொண்டிருந்த பாக்கியத்தாய் கேட்டாள்:
"வீட்ல யாருக்குப் பிரசவம்?"
காரல் கேட்டால் எங்கள் பக்கம் அதுதான் அர்த்தம்,
பால் சுரக்கச் சாறு வைப்பார்கள்.
எனக்குத்தான் என்றேன்.
ஐம்பத்து மூன்று வயதை மேலும் கீழும் பார்த்தாள்.
"பத்துக் கிலோ இறக்கணும்."
அவள் சிரித்த சிரிப்பில்
ஒரு கை அதிகமாக விழுந்தது.

பொடி மீன், முள் மீன்.
ஒவ்வொன்றாக ஆய்ந்து தின்ன
முக்கால் மணி நேரம்.
அவசரமாகத் தின்ன முடியாத சாப்பாட்டை
இத்தனை வருஷம் நான் சாப்பிட்டதே இல்லை.

ஆனியில் படகுகள் வந்தன.
எண்பது, தொள்ளாயிரம்.
மூன்றரைக் கிலோவுக்கு யாரும் ஏலம் கேட்க மாட்டார்கள்.
ஆனால் ஐஸ் போட்ட பெட்டியின் ஒரு காதை
நம்புராஜனோடு சேர்ந்து தூக்கினேன்,
முட்டி முனகவில்லை.
பாவாடை நாடாவில் பழைய முடிச்சு
பழைய இடத்தில் நிற்பதில்லை.

கழிவுக் கூடை வந்தது.
லாரிக்காரன் தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள்
தனிப்பக்கத்தைத் திருப்பி
முதல் வரியில் எழுதினேன்:
காரல், இரண்டு கிலோ.
வாங்கியவர் ரெஜினாள்.
ரொக்கம்.